கோலி சோடாவும் காவிரிப் படுகை எண்ணெயும்

கோலி சோடா குடித்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். மூடியிருக்கும் பாட்டிலுக்குள் இருப்பது வெறும் தண்ணீர் மாதிரிதான் தெரியும். தேடினாலும் ஒரு குமிழி கிடைக்காது. கடைக்காரர் கட்டைவிரலை வைத்துக் கோலியை உள்ளே அழுத்துவார். 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடியில் பாட்டில் முழுக்க நுரை பொங்கி, அவசரப்பட்டு வாய் வைத்தவரின் சட்டையில் பாதி வழிந்திருக்கும்.

அந்த வாயு எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை. முதலிலிருந்தே அது தண்ணீருக்குள் கரைந்துதான் கிடந்தது. உள்ளே இருந்த அழுத்தம் அதைத் தண்ணீரோடு தண்ணீராகக் கட்டிப் போட்டிருந்தது. அழுத்தம் போனதும் பிரிந்து வந்துவிட்டது. அவ்வளவுதான். 1872-ல் ஹிரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் இந்த பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். அங்கே அது மியூசியத்துக்குப் போய்விட்டது. வேலூர், ஆற்காடு பக்கத்து சித்திரை வெயில் அதை இன்னும் போக விடவில்லை!

காவிரிப் படுகையில் நிலத்துக்கு அடியில் இருக்கும் எண்ணெயும் இப்படி மூடி வைத்த ஒரு கோலி சோடாதான். மீத்தேன், ஹைட்ரோகார்பன், நெடுவாசல், கதிராமங்கலம் என்று பதினைந்து ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் பேசாத வாய் இல்லை. எடுக்க வேண்டும் என்பவர்களும் பேசுகிறார்கள், எடுக்கக் கூடாது என்பவர்களும் பேசுகிறார்கள். ஆனால் கீழே இருப்பது என்ன, மூடியைத் திறந்தால் அது எப்படி நடந்துகொள்ளும் என்ற பேச்சை மட்டும் இரண்டு பக்கத்திலும் காணோம். அது என்ஜினியர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட்டார்கள். பிரச்சினையின் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முதலில் ஒரு தவறான படத்தை அழித்துவிட வேண்டும். 'பூமிக்கு அடியில் எண்ணெய்' என்றதும் பலரும் ஒரு இருட்டுக் குகையையும் அதில் தளும்பும் கறுப்பு ஏரியையும் கற்பனை செய்துகொள்கிறார்கள். அப்படி ஏரி எதுவும் கிடையாது. பாலாற்றங்கரை ஆட்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். வருஷத்தில் பெரும்பகுதி பாலாறு மணலாகத்தான் கிடக்கும். அந்த மணலில் ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் சுரக்கும். தண்ணீர் இருக்கும் இடம் மணலுக்கும் மணலுக்கும் நடுவில் உள்ள இடுக்கு. எண்ணெயும் அதே போலத்தான், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் படிந்து இறுகிப்போன மணற்கல்லின் நுண்ணிய துளைகளுக்குள் இருக்கிறது. ஆற்காட்டு மக்கன் பேடாவை நினைத்துக்கொண்டாலும் சரி. பேடாவுக்குள் ஜீரா எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாரும் விரல் வைத்துக் காட்ட முடியாது. பேடா முழுக்க இருக்கிறது.

இப்போது அந்தப் பேடாவை இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் புதைத்துவிடுங்கள். பத்து மீட்டர் தண்ணீர் ஆழத்துக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் என்று கணக்கு. ஆக 2000 மீட்டரில் சுமார் 200 மடங்கு. சூடும் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரை கூடும் என்பதால் அங்கே ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸ். இந்த அழுத்தத்திலும் இந்தச் சூட்டிலும்தான் எண்ணெயும் வாயுவும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கரைந்து கிடக்கின்றன. கிணறு தோண்டி மேலே எடுக்க எடுக்க உள்ளே அழுத்தம் குறைகிறது. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு வந்ததும் முதல் குமிழி கல்லுக்குள்ளேயே பிறக்கிறது. அந்த அளவுக்குக் குமிழி அழுத்தம் என்று பெயர். எண்ணெய் வயலின் ஜாதகமே இந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

ஏன் என்றால், எண்ணெயை மேலே தள்ளும் வேலையை அந்த வாயுதான் செய்கிறது. அதோடு எண்ணெயை இளக்கி வைத்திருப்பதும் அதுதான். குமிழி அழுத்தத்துக்குக் கீழே போனதும் வாயு எண்ணெயை விட்டுப் பிரிகிறது. வாயுவுக்குக் கால் அதிகம். கல்லின் இடுக்குகளில் எண்ணெயை முந்திக்கொண்டு கிணற்றுக்கு ஓடி வந்துவிடும். பின்னால் தங்கிய எண்ணெய் இன்னும் கெட்டியாகும், இன்னும் மெதுவாகும். பாகுத்தன்மை என்று பாடப்புத்தகத்தில் வருகிறதே, அதுதான் இது. ஜீரா ஒரு கம்பிப் பதத்திலிருந்து இரண்டு கம்பிப் பதத்துக்குப் போவது மாதிரி. தண்ணீரோ வாயுவோ வெளியிலிருந்து வந்து தள்ளாமல், கரைந்த வாயுவின் வேகத்தை மட்டுமே நம்பியிருக்கும் வயல்களில், இருந்த எண்ணெயில் கால்வாசி கூட மேலே வராமல் நின்றுவிடுவது சாதாரணம். மீதி கீழேயே கிடக்கும், திறந்து வைத்து ஆறிப்போன சோடா மாதிரி. அவசரப்பட்டு வேகமாக உறிஞ்சினால் மொத்தத்தில் கிடைப்பது குறைந்தும் போகலாம். இது பேராசைக்கு எதிரான நீதிக்கதை ஒன்றும் இல்லை. வெறும் இயற்பியல்.

இதில் வணிகக் கணக்கும் இருக்கிறது. கீழே ஒரு பேரல் (159 லிட்டர்) இருந்த எண்ணெய் மேலே வரும்போது ஒரு பேரலாக இருக்காது. கரைந்திருந்த வாயு பிரிந்து போவதாலும், சூடு குறைவதாலும் சுருங்கிவிடும். கீழே ஒன்றேகால், ஒன்றரை பேரல் எடுத்தால்தான் மேலே தொட்டியில் ஒரு பேரல் நிற்கும் என்பது பல வயல்களில் சாதாரணம். இந்த விகிதத்தைத் தப்பாகப் போட்டால் வயலின் மதிப்பே தப்பாகிவிடும். பெட்ரோல் பங்குகளில் ஒரு பலகையில் அடர்த்தி என்று எழுதி, 15 டிகிரியில் இவ்வளவு என்று போட்டிருப்பதைப் பார்த்திருக்கலாம். வேலூரில் 15 டிகிரி என்பது மார்கழி விடியற்காலையில் எப்போதாவது எட்டிப் பார்க்கும் அதிசயம். பிறகு எதற்கு அந்த 15? எந்தச் சூட்டில் அளந்தது என்று சொல்லாமல் இத்தனை லிட்டர் என்று மட்டும் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை என்பதால்தான். குடோனில் இருக்கும் அரிசி மூட்டையை எண்ணுவது போல எண்ணெய் இருப்பை எண்ண முடியாது. அழுத்தமும் வெப்பமும் மாறினால் இருப்புக் கணக்கே மாறும்.

கடலுக்கடியில் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் நடந்தது பங்குச் சந்தையைக் கவனிப்பவர்களுக்கு நினைவிருக்கும். 2009 ஏப்ரலில் அங்கே டி-6 பகுதியில் இயற்கை எரிவாயு வரத் தொடங்கியது. 2010-ல் நாளொன்றுக்குச் சுமார் 6 கோடி கன மீட்டர். நாடே மாறப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. சில ஆண்டுகளில் அது கால்வாசிக்கும் கீழே இறங்கிவிட்டது. யார் தப்பு என்ற சண்டை தனிக்கதை. அழுத்தம் குறைந்ததையும் கிணறுகளுக்குள் தண்ணீர் வந்ததையும் எந்த அறிக்கையும் தடுத்து நிறுத்தவில்லை என்பது மட்டும் இங்கே போதும்.

சரி, வாயுவுக்கு வருவோம். 'கேஸ்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் நடக்கும் குழப்பம் கொஞ்ச நஞ்சமல்ல. வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறதே, அது உள்ளே பெரும்பாலும் திரவமாகத்தான் இருக்கிறது. ஆட்டிப் பார்த்தால் தளும்புவது தெரியும். புரோபேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. புரோபேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும், பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்யத்தில். மிதமான அழுத்தம் கொடுத்தாலே இரண்டும் திரவமாகிவிடும் என்பதால் ஒரு மெல்லிய இரும்பு உருளையில் அடைத்து ஆற்காட்டு மாடிப்படியில் தோளில் தூக்கிப் போக முடிகிறது.

மீத்தேன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. 1869-ல் தாமஸ் ஆண்ட்ரூஸ் என்பவர் பெல்ஃபாஸ்டில் கார்பன் டை ஆக்சைடை வைத்துச் செய்த சோதனைகளில் ஒரு விஷயத்தைக் காட்டினார். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு மாறுநிலை வெப்பநிலை உண்டு. அதற்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. கார்பன் டை ஆக்சைடுக்கு அது 31 டிகிரி. மீத்தேனுக்கு மைனஸ் 82-க்கும் கீழே. அதனால் இந்த ஊர் வெப்பத்தில் மீத்தேனை அழுத்தியே திரவமாக்குவது நடக்காத காரியம். ஒன்று, 200 மடங்கு அழுத்தத்தில் தடித்த உருளைகளில் வாயுவாகவே அடைக்க வேண்டும் (ஆட்டோவில் இருக்கும் சி.என்.ஜி.). அல்லது மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்துக் கப்பலில் கொண்டுவர வேண்டும் (2019-ல் திறந்த எண்ணூர் முனையத்துக்கு வருவது). இரண்டும் இல்லாவிட்டால் கிணற்றடியிலிருந்து அடுப்படி வரை குழாய் போட வேண்டும். குழாய் போடுவதென்றால் யாரோ ஒருவருடைய வயல் வழியாகத்தான் போடுவார்கள். கதிராமங்கலத்து வயலில் குழாய் ஏன் வந்தது என்ற கேள்விக்கான பதிலில் கொஞ்சம் 1869-ல் இருக்கிறது.

இதைவிட விசித்திரமான ஒன்றும் உண்டு. அழுத்தத்தைக் குறைத்தால் திரவம் வாயுவாகும் என்பதுதான் உலக வழக்கம். ஆனால் சில வாயுக் கலவைகள் ஒரு குறிப்பிட்ட வெப்ப எல்லைக்குள் தலைகீழாக நடக்கும். அழுத்தம் குறையக் குறைய வாயுவிலிருந்து திரவம் சொட்டும்! யோஹான்னஸ் கூனன் என்ற டச்சு இயற்பியலாளர் 1892-ல் இதைக் கண்டார். எண்ணெய்த் தொழிலில் இதற்கு விலை அதிகம். ஏனென்றால் சொட்டும் திரவம் கலவையிலேயே மதிப்பு மிக்க பகுதி. அது கிணற்றைச் சுற்றியுள்ள கல்லில் சிக்கிக்கொண்டு தானும் வராது, வருகிற வாயுவுக்கும் வழி விடாது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

ஆக, கீழே இருப்பது என்ன வகை என்பதைப் பொறுத்து மேலே செய்ய வேண்டிய வேலை மாறுகிறது. எண்ணெய்க்கு ஒரு மாதிரி, வாயுவுக்கு ஒரு மாதிரி, இந்தத் தலைகீழ்க் கலவைக்கு வேறு மாதிரி. மேலே வாழும் மனிதர்களுக்கு வரும் ஆபத்தும் அதே போல மாறுகிறது. இந்த இடத்தில்தான் காவிரிப் படுகையின் சண்டைகளை மறுபடி பார்க்க வேண்டும்.

காவிரிப் படுகையில் எண்ணெய்த் தேடல் 1958-லேயே தொடங்கிவிட்டது. 1964-ல் காரைக்காலில் முதல் ஆழ்கிணறு. நரிமணம், கோவில்களப்பால், கமலாபுரம், அடியக்கமங்கலம், குத்தாலம், புவனகிரி என்று வயல்களின் பெயர்கள் எல்லாம் ஊர்ப் பெயர்கள்தான். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் பனங்குடியில் 1993-ல் ஆண்டுக்கு 5 லட்சம் டன் சுத்திகரிக்கும் ஆலை வந்தது. பிறகு அது 10 லட்சமானது. அதே இடத்தில் 90 லட்சம் டன் ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். குத்தாலத்திலும் திருமாக்கோட்டையிலும் ராமநாதபுரத்து வழுதூரிலும் அந்தந்தப் பகுதி வாயுவில் மின்சாரம் எடுத்தார்கள். இத்தனையும் பெரிய சத்தமில்லாமல் நடந்தது. டெல்டா விவசாயிகள் எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் எதிர்த்தார்கள் என்று சொல்வது வரலாறு தெரியாத பேச்சு.

2010-ல் மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டம் வந்தபோதுதான் நிலைமை மாறியது. நரிமணத்து எண்ணெய்க்கும் இதற்கும் பெயரில்தான் ஒற்றுமை. இங்கே மீத்தேன் எண்ணெயில் கரைந்து கிடக்கவில்லை. நிலக்கரியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அதை விடுவிக்க ஒரே வழி நிலக்கரிப் படுகையில் நிற்கும் தண்ணீரை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இறைத்து அழுத்தத்தைக் குறைப்பது. நிலத்தடி நீரை நம்பிக் குறுவை போடும் ஊரில் இதைச் சொன்னால் எதிர்க்காமல் என்ன செய்வார்கள்? அந்த எதிர்ப்பு பயத்தால் வந்தது என்று எழுதியவர்கள் உண்டு. உண்மையில் அந்த விவசாயிகள்தான் இயற்பியலைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள். திட்டம் கடைசியில் கைவிடப்பட்டது.

2017 பிப்ரவரியில் நெடுவாசல். இது ஏற்கெனவே கண்டுபிடித்துச் சின்னது என்று விட்டு வைத்திருந்த வயல்களை ஏலம் விட்ட திட்டத்தில் ஒன்று. நிலக்கரி மீத்தேன் அல்ல. அதே ஆண்டு ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் கச்சா எண்ணெய்க் குழாய் வயலில் கசிந்தது. அது பழைய குழாய்ப் பிரச்சினை. மூன்று ஊர், மூன்று வகை விவகாரம். மூன்றுக்கும் மேடையில் ஒரே பேச்சு, எதிர்த்தரப்பிலிருந்தும் ஒரே பதில். 'பாலைவனம் ஆகிவிடும்' என்றார்கள் இங்கே. 'ஒன்றுமே ஆகாது, நாற்பது வருஷமாக எடுக்கிறோம்' என்றார்கள் அங்கே. எந்தக் கிணற்றில், எந்தத் திரவத்தால், என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு மக்களை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை. 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த உரிமக் கொள்கை எண்ணெய், வாயு, நிலக்கரி மீத்தேன், ஷேல் எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம் என்றது. நிர்வாகத்துக்கு அது வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கீழே இருக்கும் திரவத்தின் குணம் காகிதத்தில் ஒன்றாக்கியதால் ஒன்றாகிவிடாது. உரிமத்திலேயே 'ஹைட்ரோகார்பன்' என்று மொத்தமாக எழுதிவிட்டு, மக்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள் என்று அலுத்துக்கொள்வது வேடிக்கை. 2020 ஜனவரியில் இன்னும் ஒரு படி போனார்கள். ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று விதி மாறியது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றி, டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயு வேலைகளைத் தடுத்தது.

நல்ல சட்டம். ஆனால் அது புதியதை மட்டும்தான் பார்க்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றை அது தொடவில்லை. இயற்பியல் சொல்வதோ வேறு. கவனிக்க வேண்டியது கிழட்டுக் கிணறுகளை!

எண்ணெய் இருக்கும் கல்லுக்கு அடியிலும் பக்கத்திலும் தண்ணீர் இருக்கிறது. கடலடியில் படிந்த பாறைகளின் நீர் அது, உப்பாக இருக்கும். சில இடங்களில் கடல்நீரை மிஞ்சும் உப்பு. கிணறு இளமையாக இருக்கும்போது எண்ணெய் அதிகம், தண்ணீர் கொஞ்சம். வயதாக ஆக அழுத்தம் குறைந்து, தண்ணீர் எண்ணெயின் இடத்தைப் பிடிக்கிறது. கடைசியில் மேலே வருவதில் பெரும்பகுதி உப்புத் தண்ணீராகவே இருக்கும். உப்போடு கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்துகொண்டால் இரும்புக் குழாயை உள்ளேயிருந்தே தின்னும். ஆக வருமானம் குறைந்துகொண்டே வரும் காலத்தில்தான் பராமரிப்புச் செலவு கூடுகிறது. வணிகம் படித்த எவருக்கும் இந்த இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்ளும் என்று தெரியும். அந்த இடத்துக்கு அப்பால் செலவைக் குறைக்கும் ஆசை வராத நிறுவனம் உலகத்தில் இல்லை.

இதெல்லாம் டெல்டா விவகாரம், பாலாற்றுக்காரர்களுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். உப்பைப் பற்றி ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோலைக் கெடாமல் வைக்க உப்பு, பதனிட குரோமியம், இடையில் இன்னும் எத்தனையோ. தோல் தொழில் இந்தப் பகுதிக்குச் சோறு போட்டது. அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் தொட்டியிலிருந்து வெளியே போகும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பக்கத்துக் கிணற்றுக்காரருக்குப் பல பத்தாண்டுகளாக யாரும் சொல்லவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிட ஏறக்குறைய 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன என்பதும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டுவிட்டது என்பதும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டின் சட்டத்தில் அழுத்தமாகப் பதிந்தது பாலாற்றுத் தண்ணீரால்தான். அதே மண்ணின் மாசுக்காக 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீட்டு உத்தரவு போட வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் மூடிய தொழிற்சாலை ஒன்றின் குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்த கதை தனி.

இழப்பீடு என்றதும் முதலில் வரும் கேள்வி: எவ்வளவு கெட்டது? அதைச் சொல்ல, கெடுவதற்கு முன் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். நூறு வருஷத்துக்கு முந்தைய பாலாற்றுக் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருந்தது என்றால் 'இளநீர் மாதிரி இருக்கும்' என்று பாட்டிகள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று அந்த வாக்கியத்தில் இல்லை. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பது அந்த எண்ணைத்தான்.

எண்ணெய் நிறுவனங்களுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். தங்கள் சரக்கு விஷயத்தில்! புதிய வயலில் முதல் கிணறு போட்டதும் அவர்கள் செய்யும் முக்கியமான வேலை, ஆழத்திலேயே ஒரு கருவியை இறக்கி, அங்கேயுள்ள அழுத்தத்தோடு திரவத்தின் மாதிரியை மூடி எடுத்து வருவது. அதை ஆய்வகத்தில் அதே சூட்டில் வைத்து, அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, எங்கே முதல் குமிழி வருகிறது, எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு கெட்டியாகிறது என்று அட்டவணை போடுவார்கள். இதை வயலின் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். காலம் கடத்தி, அழுத்தம் குமிழி நிலைக்குக் கீழே போய்விட்டால் வாயுவும் எண்ணெயும் கல்லுக்குள்ளேயே பிரிந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை கோடி செலவழித்தாலும் அந்த முதல் திரவத்தின் நேர்மையான மாதிரியை எடுக்க முடியாது. திறந்த சோடாவில் எவ்வளவு வாயு இருந்தது என்று எப்படி அளப்பது? அதனால்தான் முதல் மாதிரிக்கு அவ்வளவு அக்கறை.

அதே அக்கறை அந்தக் கிணற்றைச் சுற்றியுள்ள குடிநீர்க் கிணறுகளுக்கும் வேண்டும் என்பதுதான் இங்கே கேட்கும் நியாயம். சுற்றுச்சூழல் அறிக்கைகளில் நீர் மாதிரி எடுக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான ஆங்கிலப் பக்கங்களுக்கு நடுவில் ஒரு அட்டவணையாக அது புதைந்து கிடக்கும். எந்த ஊர்க் கிணறு, யார் முன்னிலையில் எடுத்தது, பிறகு ஆண்டுதோறும் எடுத்தார்களா என்று தேடுவதற்குள் பொழுது விடிந்துவிடும். ஆய்வுக் கிணறு என்றால் கருத்துக் கேட்புக் கூட்டமும் இல்லை. அதனால்தான் 2025-ல் ராமநாதபுரம் பகுதியில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு அனுமதி தந்த செய்தி வெளியே தெரிந்தபோது, அது ஏதோ திருட்டுத்தனமாக நடந்தது போல ஊரே கொதித்தது. மாநில அரசும் அனுமதியைத் திரும்பப் பெறச் சொன்னது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் எதிர்ப்பு வந்திருக்காது என்று இல்லை. ஆனால் எதிர்ப்பதற்கும் ஆதரிப்பதற்கும் கையில் ஏதாவது இருந்திருக்கும்.

வியாபார ரகசியம் என்று ஒரு பதில் வரும். திரவத்தின் முழு அட்டவணைக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால் 2017-லேயே மத்திய அரசு தேசியத் தரவுக் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கி, ஏலம் கேட்க வரும் நிறுவனங்கள் நிலத்தடித் தகவல்களைப் பார்க்க வழி செய்தது. எங்கிருந்தோ வரும் நிறுவனம் பார்க்கலாம், பக்கத்து வயல்காரர் பார்க்கக் கூடாது என்றால் அதற்கு ரகசியம் என்று பெயர் வைக்க முடியாது. தவிர, நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கான ராயல்டி மாநில அரசுக்குத்தான் வருகிறது. எவ்வளவு எண்ணெய், எவ்வளவு வாயு, எவ்வளவு தண்ணீர் வந்தது என்பது ஒரு வகையில் பொதுமக்களின் வரவுக் கணக்கு.

இரண்டாவது பதில், கிராமத்து ஆட்களுக்குக் குமிழி அழுத்தம் எல்லாம் புரியாது என்பது. பம்புசெட்டு வைத்திருக்கும் விவசாயிக்கு அழுத்தம் தெரியும். உப்பு நீரை நாக்கில் வைத்தே அளவு சொல்லும் ஆட்கள் டெல்டாவிலும் இருக்கிறார்கள், வாணியம்பாடியிலும் இருக்கிறார்கள். புரியாது என்பவர்கள் தமிழில் சொல்ல ஒரு தடவையாவது முயன்றுவிட்டு அதைச் சொல்லட்டும்.

பெட்ரோல் பங்கில் அடர்த்திப் பலகை வைக்க முடிகிற நாட்டில், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு எண்ணெய்க் கிணற்று வாசலிலும் ஒரு பலகை வைப்பது பெரிய காரியமா? இந்த மாதம் வந்த எண்ணெய், வாயு, தண்ணீர். அந்தத் தண்ணீரின் உப்பு அளவு, அது எங்கே போகிறது. தொடங்கிய நாளில் இருந்த அழுத்தம், இன்றைய அழுத்தம். பக்கத்து மூன்று குடிநீர்க் கிணறுகளின் உப்பு அளவு, தோண்டுவதற்கு முன்பும் இப்போதும். குடிநீருக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு என்பதையும் ஓரத்தில் எழுதிவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கிராம சபையில் ஊராட்சி வரவு செலவை வாசிக்கிறார்கள். அதோடு சேர்த்து இதையும் வாசித்தால் ஐந்து நிமிஷம் கூடுதலாகும். அடியக்கமங்கலத்திலோ குத்தாலத்திலோ வரும் மே 1-ந்தேதியே தொடங்கலாம்.